பன்றிக்கறிக் குழம்பில் எண்ணெய் மிதக்குது, தோல் ரப்பர் மாதிரி இருக்கு, பேக்கன் கருகுது: எங்கே தப்பு?

காவேரிப்பட்டணம்_அடுப்படி (கேள்வி):

ஆறு பேர் சாப்பிடற வீடு. ரெண்டு பேர் வயசானவங்க, ரெண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓசூர்லேர்ந்து வெண்பன்றிக்கறி 2 கிலோ வருது. தோல், கொழுப்பு, கறி எல்லாம் கலந்து வெட்டித் தர்றாங்க. கூடவே பேக்கன் (உப்பு போட்டுப் பதப்படுத்தின பன்றிக்கறிப் பட்டை) 300 கிராம் பாக்கெட் ஒண்ணு.

ஆட்டுக்கறிக்குச் செய்யற மாதிரியே நாலு கரண்டி கடலை எண்ணெய் ஊத்தி, வெங்காயம் தக்காளி வதக்கி, குக்கர்ல 6 விசில் விட்டா இதுதான் நடக்குது: குழம்பு மேல ரெண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிக்குது. கறி சக்கையா இருக்கு, தோல் மட்டும் இழுவையா இருக்கு. சில வாரம் கறியில ஒரு வீச்சம் வருது, சில வாரம் இல்ல. மசாலா ஒண்ணுதான், அளவும் ஒண்ணுதான். பேக்கன் தோசைக்கல்லுல போட்ட உடனே சுருண்டு ஓரம் கருகுது, நடுவுல கொழுப்பு வெள்ளையாவே நிக்குது.

களிக்கும் சோத்துக்கும் ஒரே குழம்பு போதும். பிள்ளைங்களுக்குத் தனியா ஏதாவது ஒண்ணு வேணும். அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

---

ராயக்கோட்டை_மண்சட்டி:

முதல் தப்பு கடலை எண்ணெய். பன்றிக்கறிக்கு எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்புதான் அதற்குத் தாளிப்பு. நாலு கரண்டி எண்ணெய் ஊற்றினால் கறியிலிருந்து உருகி வருவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். ரெண்டு விரல் உயரம் அப்படித்தான் வருகிறது.

ரெண்டாவது, கலந்து வெட்டிய கறி. முதுகுக்கறியில் கொழுப்பு இல்லை, அரை மணிக்கு மேல் கொதித்தால் சக்கைதான். தோலுக்கோ ஒன்றேகால் மணி நேரமாவது ஈரச்சூடு வேண்டும். ரெண்டையும் ஒரே குக்கரில் போட்டு எத்தனை விசில் விட்டாலும் ஒன்று கெடும். கடையில் கேட்கும்போதே பிரித்துக் கேளுங்கள்: முன்கால் சப்பை தோலோடு 1 கிலோ, வயிற்றுக்கறி 700 கிராம் வெட்டாமல் ஒரே துண்டாக, தனிக்கொழுப்பு 300 கிராம். முதுகுக்கறி கொடுத்தால் அதை மெல்லிசாகச் சீவி 5 நிமிட வறுவலுக்கு ஒதுக்குங்கள், குழம்புக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தோலைத் தடவிப் பாருங்கள். முடி குத்தினால் அடுப்புத் தீயில் நேராகக் காட்டி வாட்டி, கத்தி முதுகால் சுரண்டி, பிறகு கழுவுங்கள். கறியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஊறின கறி சட்டியில் வதங்காது, வேகத்தான் செய்யும்.

வீச்சம் உங்கள் மசாலாவால் வருவதில்லை. காயடிக்காமல் வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் அந்த வாடை தங்கியிருக்கும். கறி குளிர்ந்திருக்கும்போது தெரியாது, கொழுப்பு சூடானதும் மேலே வரும். அதனால்தான் ஒரு வாரம் இருக்கிறது, ஒரு வாரம் இல்லை. சமைக்கும் முன் சுண்டுவிரல் நுனி அளவு கொழுப்பைச் சூடான கல்லில் போட்டு முகர்ந்து பாருங்கள். மூத்திர வாடை மாதிரி அடித்தால் இஞ்சியும் பட்டையும் எவ்வளவு போட்டாலும் போகாது. அந்தக் கறியில் கொழுப்பை முழுதாகச் சீவி எறிந்துவிட்டு, சிவப்புக் கறியை மட்டும் மிளகு வறுவலாகச் செய்யலாம். அடுத்த முறை பெண் பன்றிக்கறியோ காயடித்ததோ என்று கேட்டு வாங்குங்கள்.

இனி குழம்பு. சப்பைக்கறி 1 கிலோவை 4 சென்டிமீட்டர் துண்டாக, ஒவ்வொன்றிலும் தோல் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் சுருங்கிக் காணாமல் போகும், கால் பங்குக்கு மேல் சுருங்கும். அடிகனமான சட்டியில் தனிக்கொழுப்பு 100 கிராமைப் பொடியாக நறுக்கிப் போட்டு 50 மில்லி தண்ணீர் ஊற்றி நடுத்தர தீயில் வையுங்கள். தண்ணீர் எதற்கென்றால், கொழுப்பு உருகத் தொடங்கும் முன் அடிப்பிடிக்காமல் இருக்க. 10, 12 நிமிடத்தில் தண்ணீர் வற்றி, பன்றிநெய் பிரிந்து, துணுக்குகள் பொன்னிறமாகும். துணுக்கை எடுத்து வைத்துவிட்டு, 3 மேசைக்கரண்டி நெய்யை மட்டும் சட்டியில் விட்டு மீதியை வடித்துவிடுங்கள்.

அதில் சின்ன வெங்காயம் 250 கிராம், தட்டிய பூண்டு 20 பல், இஞ்சி 40 கிராம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி. வெங்காயம் சுருண்டதும் கறி, கல்லுப்பு 12 கிராம். தண்ணீர் ஊற்றாமல் மூடி 10 நிமிடம். கறி விடும் தண்ணீர் வற்றும் வரை திறந்து வதக்குங்கள். இந்த வற்றலை அவசரத்தில் விட்டுவிட்டால் குழம்பு வெளுத்த மாதிரி, பச்சை மணத்தோடு இருக்கும்.

வறுத்து அரைக்க: மல்லி 3 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, கிராம்பு 4, பட்டை ஒரு விரல் நீளம். மிளகை மற்றதைவிட ஒரு படி கறுப்பாக வறுக்கலாம், கருகக் கூடாது. பெரியவர்களுக்குக் காரம் குறைய வேண்டுமென்றால் மிளகாயை மூன்றாக்குங்கள், மிளகில் கை வைக்காதீர்கள், இந்தக் கறிக்கு மிளகுதான் உயிர். தேங்காய் வேண்டாம், இருக்கிற கொழுப்போடு இன்னொரு கொழுப்பு சேரும்.

அரைத்த மசாலா போட்டு 3 நிமிடம் பிரட்டி, சுடுதண்ணீர் 700 மில்லி ஊற்றி, மூடி, மெல்லிய தீயில் 75 முதல் 90 நிமிடம். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் மட்டும் குமிழ் வரட்டும். தோலை நகத்தால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். அதுதான் பதம். கறி வெந்ததா என்று பார்க்காதீர்கள், தோலைப் பாருங்கள்.

புளி கடைசிப் பத்து நிமிடத்தில், எலுமிச்சை அளவு, 30 கிராம். நம்ம தர்மபுரிப் புளியில் ஒரு வருடம் இருந்த கறுத்த பழம்புளி கிடைத்தால் அதுவே நல்லது. குடகுப் பன்றிக்கறிக்குப் போடும் காச்சம்புளி வேண்டுமென்று சிலர் பெங்களூரு வரை தேடுகிறார்கள். அது கொடம்புளி இனப் பழத்தின் சாற்றைக் கறுப்பாகக் காய்ச்சியது. கொடம்புளி 3 சுளையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு அந்தச் சாற்றைக் கெட்டியாக்கினால் பக்கத்தில் வரும். புகை மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இறக்கி 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் நெய் மேலே தெளிந்து நிற்கும், கரண்டியால் மொண்டுவிடுங்கள். களிக்கு என்றால் குழம்பு தண்ணியாக இருக்க வேண்டும், ராகி உருண்டை வழுக்கி இறங்க வேண்டுமே. சோற்றுக்கு ஒரு பங்கை எடுத்துத் தனியாகச் சுண்ட வையுங்கள். ஒரே சட்டி, ரெண்டு பதம்.

வயிற்றுக்கறி வறுவலுக்கு: முழுத்துண்டாக மஞ்சள், உப்பு போட்டு 45 நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டு, பிறகுதான் 1 சென்டிமீட்டர் கனத்தில் வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் கொழுப்பும் கறியும் தனித்தனியாக உதிரும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, எண்ணெய் இல்லாத வாணலியில் மெல்லிய தீயில் 12, 15 நிமிடம். தோல் வெடித்துத் தெறிக்கும், சல்லடை மூடி வையுங்கள். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். நெய்யை வடித்த பிறகு வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், கொரகொரப்பான மிளகு 1 மேசைக்கரண்டி. மிளகு முதலிலேயே விழுந்தால் கருகிக் கசக்கும்.

---

தளி_மேட்டுத்தெரு:

மேலே சொன்னது மண்சட்டிக் கணக்கு. குக்கர்தான் இருக்குன்னா விசிலை எண்ணாதீங்க, நிமிஷத்தை எண்ணுங்க. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு, தோலோட இருக்கிற 4 சென்டிமீட்டர் துண்டுக்கு 20 நிமிஷம். அப்புறம் ஆவி தானா அடங்கணும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டா உள்ளே இருக்கிற சாறு திடீர்னு கொதிச்சு, கறி நார் விறைச்சுப்போகும். குக்கர்ல தண்ணி 300 மில்லி போதும், கறியே விடும். மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, கொழுப்பு நுரைச்சு வெயிட் ஓட்டையை அடைக்கும்.

ஓசூர், தளிப் பக்கம் சமைக்கிறவங்களுக்கு ஒண்ணு: இங்கே கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், தண்ணி 97 டிகிரியிலேயே கொதிச்சிடும். திறந்த சட்டியில தோல் வேக 10, 15 நிமிஷம் கூடுதலா பிடிக்கும். காவேரிப்பட்டணத்துல அந்த வித்தியாசம் பாதிதான்.

வயசானவங்களும் பிள்ளைங்களும் சாப்பிடறதால இதையும் சொல்லணும். சிவப்புக் கறிக்குள்ள வெள்ளையா, அரிசி மணி அளவுல கொப்புளம் மாதிரி தெரிஞ்சா அது நாடாப்புழுவோட கூடு. அந்தக் கறியைச் சமைச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க, முழுசா ஒதுக்குங்க. கண்ணுக்குத் தெரியாததும் இருக்கலாம், அதனால துண்டோட நடுவுல 71 டிகிரி வரணும். குழம்புல அது தானா வந்துடும். ஆபத்து எங்கேன்னா முதுகுக்கறி 5 நிமிஷ வறுவல்லயும் கட்லட்லயும். கறிவேகற வெப்பமானி வாங்கி வெச்சுக்கிறது நல்லது. இல்லைன்னா பெரிய துண்டை வெட்டிப் பாருங்க, நடுவுல ரோஸ் நிறமும் வரக்கூடாது, சாறும் தெளிவா இருக்கணும்.

மூளைக்குப் புழு போகிற நோய்க்கு எல்லாரும் கறியை மட்டும் குறை சொல்றாங்க. வெந்தும் வேகாத கறியில இருக்கிற கூடு வயித்துல நாடாப்புழுவா வளரும். மூளைக்குப் போறது அந்தப் புழுவோட முட்டை வயித்துல பொரிஞ்சு வர்ற இளம்புழு. புழு இருக்கிற மனுஷங்களோட மலம் பட்ட தண்ணி, கழுவாத கீரை, கழுவாத கை வழியா அந்த முட்டை வருது. பன்றிக்கறியே தொடாதவங்களுக்கும் வரலாம். கறியை நல்லா வேகவைக்கிறதும் கை கழுவறதும் ரெண்டும் வேணும். கறி வெட்டின பலகையில வெங்காயம், கொத்தமல்லி நறுக்காதீங்க.

---

கிருஷ்ணகிரி_தோசைக்கல்:

பேக்கனுக்கு வரேன். பாக்கெட்டில் வருவது புகை போட்டதாக இருந்தாலும் பெரும்பாலும் வேகாத கறிதான், பாக்கெட் மேல் சமைத்துச் சாப்பிடவும் என்று இருக்கிறதா பாருங்கள். உறைந்த கட்டியைக் கத்தியால் பிளந்தால் கிழியும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். பிரித்த பாக்கெட்டை ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கருகுவதற்குக் காரணம் சூடான கல். பேக்கனில் சிவப்புப் பட்டை மெல்லிசு, வெள்ளைப் பட்டை கனம். காய்ந்த கல்லில் விழுந்ததும் சிவப்பு சட்டென்று சுருங்கும், வெள்ளை உருக நேரமே கிடைக்காது. போதாததற்குப் பதப்படுத்தும்போது சேர்த்த சர்க்கரை வேறு, அதுதான் ஓரத்தில் கறுப்பது. எனவே கல் குளிர்ந்திருக்கும்போதே பேக்கனை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மெல்லிய தீ. தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருக ஆரம்பித்திருக்கும். 4 நிமிடத்தில் ஒரு திருப்பு, மொத்தம் 8 முதல் 10 நிமிடம். வளையும் பதத்திலேயே எடுத்துவிடுங்கள், ஆறினதும் மொறுமொறுப்பாகும். கல்லிலேயே மொறுமொறுப்பு வரக் காத்திருந்தால் தட்டில் அது கரி.

வெள்ளை நுரை வந்து கல்லில் ஒட்டினால் பயப்பட வேண்டாம். உப்புத்தண்ணீர் ஏற்றிய பேக்கனில் அப்படி வரும், கறியின் புரதம்தான். போடும் முன் துணியில் ஒற்றி எடுத்தால் குறையும். எவர்சில்வர் வாணலி வேண்டாம், பழகின இரும்புக்கல்தான் இதற்குச் சரி.

பிள்ளைகளுக்கு ரெண்டு யோசனை.

ஒன்று, சாமைச் சோறு. சாமை ஒன்றரை கப்பை உதிரியாக வடித்து, தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு கிளறினால் கூழாகும். பேக்கன் 120 கிராமைத் துண்டாக்கி முன்சொன்னபடி உருக்கி எடுத்து, அந்த நெய்யில் பூண்டு, கேரட், பீன்ஸ், கடைசியில் முட்டை 3. முட்டை பாதி உறையும்போது சாமையைப் போட்டுப் பெரிய தீயில் 2 நிமிடம், பேக்கனை மேலே தூவி மிளகுத்தூள். உப்பை முதலிலேயே போட வேண்டாம், தின்று பார்த்துவிட்டுத்தான் போடணும்.

ரெண்டாவது, வெல்லப் பேக்கன், இது தின்பண்டம். 10 பட்டைக்குத் துருவிய வெல்லம் 3 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி. பேக்கனை முக்கால் பதம் வறுத்து, நெய்யை முழுதாக வடித்துவிட்டு, வெல்லத்தை 1 மேசைக்கரண்டி தண்ணீரோடு அதே கல்லில் கரையவிட்டுப் பேக்கனைப் புரட்டுங்கள். ஒரு நிமிடம், அதற்கு மேல் போனால் வெல்லம் கசக்கும். நெய் தடவிய தட்டில் ஆறவிடுங்கள். காகிதத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டு வராது. மண்டை வெல்லத்தில் மண் இருந்தால் முன்கூட்டியே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை வாராவாரம் செய்ய வேண்டாம். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. உப்பும் அதிகம். ரத்த அழுத்தம் இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் பேக்கனை 2 நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு வறுங்கள். ருசி கொஞ்சம் குறையும், உப்பும் குறையும்.

---

காவேரிப்பட்டணம்_அடுப்படி:

ரொம்ப நன்றிங்க, எண்ணெய் எங்கேர்ந்து வருதுன்னு இப்பத்தான் புரியுது. இன்னும் ரெண்டு சந்தேகம். பேக்கன் வயிற்றுக்கறிதானே, வீட்டுலயே போட முடியுமா? மளிகைக்கடையில ரோஸ் கலர்ல ஒரு உப்பு இருக்கு, அதுதானா? வீட்டுப் பெரியவங்க வெடியுப்பு போடலாம்னு சொல்றாங்க. வடிச்ச நெய்யையும் மிச்சக் கொழுப்பையும் என்ன செய்யறது?

---

ராயக்கோட்டை_மண்சட்டி:

அந்த ரோஸ் உப்பு இந்துப்பு. அது வெறும் உப்புதான். பேக்கன் போடுவதற்கான உப்பு வேறு, சோடியம் நைட்ரைட் 6.25 சதவீதம் கலந்தது, சாதா உப்போடு மாறிப்போகக் கூடாதென்று அதற்கும் ரோஸ் சாயம் போடுகிறார்கள். ரெண்டும் ஒரே நிறம் என்பதால் ரெண்டு பக்கமும் ஆபத்து: இந்துப்பை நம்பிக் கறியைப் புகையில் போட்டால் பாதுகாப்பு இல்லை, நைட்ரைட் உப்பைக் குழம்பில் போட்டால் விஷம். வாங்கினால் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

வெடியுப்பு வேண்டவே வேண்டாம். அது பொட்டாசியம் நைட்ரேட். நைட்ரைட்டாக மாறினால்தான் வேலை செய்யும், ஃப்ரிட்ஜ் குளிரில் அந்த மாற்றம் ஒழுங்காக நடக்காது, எவ்வளவு மாறியது என்று கணக்கும் கிடைக்காது. கடையில் கிடைப்பது சாப்பாட்டுத் தரமும் இல்லை.

அளவு: வயிற்றுக்கறி 1 கிலோ, 3, 4 சென்டிமீட்டர் கனம். சாதா உப்பு 22 கிராம், நைட்ரைட் உப்பு 2.5 கிராம், நாட்டுச்சர்க்கரை 15 கிராம், தட்டிய மிளகு 5 கிராம். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். தேக்கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது. எல்லாப் பக்கமும் தேய்த்து, காற்று வெளியேற்றிய பையில் போட்டு, 4 டிகிரிக்குக் கீழே 8 முதல் 10 நாள், தினமும் திருப்பி வையுங்கள். பையில் ஊறும் தண்ணீரைக் கொட்டாதீர்கள், உப்பு அதில்தான் இருக்கிறது. மின்வெட்டு நீளமாக இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

பிறகு கழுவி, துடைத்து, ஒரு ராத்திரி திறந்தபடி ஃப்ரிட்ஜில் காயவிட்டு, ஓவனில் 100 டிகிரியில் நடுப்பகுதி 66 டிகிரி வரும் வரை வையுங்கள், ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும். புகை மணத்துக்கு: கொட்டாங்குச்சிக் கரியைப் பழுக்கவைத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, ஒரு சொட்டு பன்றிநெய் விட்டு, கறியோடு சேர்த்து 5 நிமிடம் மூடுங்கள். முழுக்க ஆறி, குளிர்ந்து விறைத்த பிறகுதான் சீவ வரும். சீவியதைக் கல்லில் மீண்டும் வறுத்துத்தான் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

நைட்ரைட் உப்பு கிடைக்காவிட்டால் கிலோவுக்கு 28 கிராம் சாதா உப்பில் 4 நாள் ஊறவைத்து உப்புக்கறியாக வைத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறமாக இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. ஒரு வாரத்துக்குள் சமையுங்கள், மெல்லிய சூட்டில் நெடுநேரம் புகை போடாதீர்கள். ஆட்டுக்கறி உப்புக்கண்டம் மாதிரி வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், பன்றிக்கொழுப்பு வெயிலில் சிக்கு வாடை அடித்துவிடும். அப்படிச் செய்தே தீருவதென்றால் கொழுப்பே இல்லாத பின்தொடைக்கறி மட்டும்.

---

பாலக்கோடு_கொட்டைக்குழம்பு:

மிச்சக் கொழுப்புக்கு நான் சொல்றேன். 200 கிராம் கொழுப்பு, 40 மில்லி தண்ணி, மெல்லிய தீயில முக்கால் மணி நேரம். சலசலப்புச் சத்தம் அடங்கினா தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம், அப்பத்தான் இறக்கணும். தண்ணி நின்னா நெய் புளிச்சுக் கெட்டுப்போகும். துணியில வடிச்சு, உலர்ந்த கண்ணாடி பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு மாசம் வரும். வெள்ளையா உறையணும். பழுப்பா உறைஞ்சா தீ அதிகமாயிருக்கு, வறுவலுக்கு ஆகும், வேற எதுக்கும் ஆகாது. குழம்பு மேல மொண்ட நெய்யை இதோட கலக்காதீங்க, அதுல மசாலாவும் தண்ணியும் இருக்கு, ரெண்டு நாள்ல தீர்த்துடணும்.

மார்கழி, தை மாசத்துல பச்சை அவரைக்கொட்டை வரும்போது இந்த நெய்யோட வேலை தெரியும். உரிச்ச கொட்டை 500 கிராம், தோலோட கறி 500 கிராம். கறியை முன்னாடி சொன்ன மசாலாவுல பாதி அளவு போட்டு முக்கால் மணி நேரம் வேகவிட்டு, அப்புறம் கொட்டையைப் போடுங்க, இன்னும் 25 நிமிஷம். தக்காளியும் புளியும் கொட்டை நசுங்கற பதம் வந்த பின்னாடிதான். புளிப்பு முன்னாடியே விழுந்தா கொட்டை எவ்வளவு கொதிச்சாலும் விறைப்பாவே நிக்கும். பிதுக்குப் பருப்பா (தோல் பிதுக்கின கொட்டை) இருந்தா 12 நிமிஷம் போதும், கரையாம பார்த்துக்கங்க. இறக்கும்போது வறுத்த கொழுப்புத் துணுக்கை மேல தூவி, சூட்டோட களிக்கு ஊத்துங்க. ஆறினா நெய் உறைஞ்சு நாக்குல ஒட்டும்.